மனுஷனை மனுஷன் வேட்டையாடும் மட்டமான படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

காசுள்ள ஒருத்தன் (அல்லது ஒரு கும்பல்) ஆட்களைப் பிடித்துவந்து காட்டிலோ தீவிலோ அவிழ்த்துவிட்டு, "ஓடு, உனக்கு இவ்வளவு நேரம் தருகிறேன்" என்று சொல்லி, பிறகு துப்பாக்கியோ வில்லோ எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்புகிற படங்கள். கதை அவ்வளவுதான். இதில் பெரிய ஸ்டுடியோ எடுத்ததும் உண்டு, நாலு நண்பர்கள் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் எடுத்தது மாதிரி இருப்பதும் உண்டு. இங்கே பெரும்பாலும் பேசப்போவது இரண்டாவது வகை. ரத்தம், அரைகுறை ஆடை, போஸ்டரில் பெரிய வாக்குறுதி, உள்ளே கொஞ்சம் சரக்கு. இந்தச் சினிமாவுக்கு எக்ஸ்ப்ளாய்ட்டேஷன் என்று பெயர்.

இது எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எது?

ரிச்சர்ட் கானல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1924 ஜனவரியில் காலியர்ஸ் வாரப் பத்திரிகையில் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' என்ற சிறுகதை. ரெயின்ஸ்ஃபோர்ட் என்ற பேர்போன வேட்டைக்காரன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே ஜெனரல் ஸாரோஃப் என்ற ரஷ்யப் பிரபு. புலி, யானை எல்லாம் அடித்து அலுத்துப்போய், யோசிக்கத் தெரிந்த விலங்கு ஒன்று கிடைத்தால்தான் சுவாரசியம் என்று கப்பல்களைப் பாறையில் மோதவைத்து, தப்பி வருகிற மாலுமிகளை வேட்டையாடிக்கொண்டிருக்கிறார். கதையில் பெண் பாத்திரமே கிடையாது. சினிமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா, 1932-ல் ஆர்கேஓ ஸ்டுடியோ படமாக எடுத்தபோதே ஃபே ரே என்ற நடிகையை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தை கிங் காங் செட்டில் எடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இரண்டையும் ஒரே கூட்டம்தான் எடுத்துக்கொண்டிருந்தது. கிங் காங் தொழில்நுட்பத்தால் இழுத்துக்கொண்டே போக, நடுவில் அதே காட்டு செட்டை வைத்து இந்தப் படத்தையும் முடித்துவிட்டார்கள். ஃபே ரே இரண்டிலும் இருக்கிறார், இதில் கறுத்த முடி, அதில் பொன்னிற விக். நடிகர் ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இரண்டிலும் உண்டு. பள்ளத்தின் குறுக்கே விழுந்துகிடக்கும் அந்தப் பெரிய மரத்தை உற்றுப் பாருங்கள், கிங் காங்கில் மாலுமிகளை உலுக்கிக் கீழே தள்ளுகிற அதே மரம்தான். செலவு சுமார் 2.2 லட்சம் டாலர், கிங் காங்குக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்கு.

படம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும், ஒரு நிமிஷம்கூட வீணில்லை. ஸாரோஃபாக வரும் லெஸ்லி பேங்க்ஸுக்கு முதல் உலகப் போரில் காயம்பட்டு முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. அதனால் சிரிக்கும்போது பாதி முகம்தான் சிரிக்கும். மேக்கப் போட்டு வரவழைக்க முடியாத பயம் அது. நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே விருந்தாளிகளிடம் வேட்டையைப் பற்றி அவர் பேசுகிற காட்சிக்கு முன்னால், பின்னால் வந்த எத்தனையோ வில்லன்கள் சும்மா கத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சின்னத் தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கதை மேல் மட்டும் ஏன் அவ்வளவு ஆசை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காடு வேண்டும், காட்டுக்கு வாடகை குறைவு. பகல் வெளிச்சம் இலவசம். ஓடுகிறவனுக்கு ஒரே ஒரு உடை, அதுவும் கிழிந்திருக்க வேண்டும். வசனம் கம்மி, ஆகவே நடிக்கத் தெரியாதவனும் பிழைத்துக்கொள்வான், வேறு மொழிக்கு டப் பண்ணுவதும் சுலபம். ஓடுகிறதும் துரத்துகிறதுமே முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். நட்சத்திரம் என்று ஒரே ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், அதுவும் மார்க்கெட் போன ஒரு நடிகரை இரண்டு நாள் கூட்டிவந்து பங்களாவில் உட்காரவைத்து, கையில் ஒரு கிளாஸைக் கொடுத்துத் தத்துவம் பேசவிட்டால் வேட்டைக்காரன் தயார். தயாரிப்பாளர் கையைக் கடிக்காத கதை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தக் கதைக்கு விளக்கமே தேவையில்லை. யார் மேல், யார் கீழ் என்பது முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், அப்புறம் கீழே இருக்கிறவன் எப்போது திருப்பி அடிப்பான் என்று காத்திருப்போம். பெரிய பட்ஜெட் படம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கும். மட்டமான படத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பணக்காரனுக்கு ஏழையின் உயிர் விளையாட்டுச் சாமான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அடுத்த ரத்தக் காட்சிக்குப் போய்விடும்.

அப்படியானால் பட்ஜெட்டே இல்லாமல் நல்ல படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: இடம். ஓடுகிறவன் எங்கே இருக்கிறான், துரத்துகிறவன் எவ்வளவு பின்னால், நடுவில் என்ன இருக்கிறது, ஆறா மலையா சதுப்பா, இது பார்க்கிறவனுக்குத் தெரிந்தால்தான் பதற்றம் வரும். மோசமான படங்கள் தோற்பது இங்கேதான். ஒரு ஷாட்டில் இவன் ஓடுவான், அடுத்த ஷாட்டில் அவன் ஓடுவான், இருவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்களா என்றே தெரியாது. 1961-ல் வெளிவந்த 'பிளட்லஸ்ட்!' இதற்கு நல்ல உதாரணம். இரண்டு ஜோடிகள் படகில் ஒரு தீவுக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள், வேட்டையாடிய ஆட்களைப் பாடம்பண்ணிக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு டாக்டர் குறுக்குவில்லோடு வருகிறார். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா, பார்க்கக் கொட்டாவி வரும். பிற்பாடு 'தி பிராடி பன்ச்' என்ற அமெரிக்க டிவி தொடரில் அப்பாவாக வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகிவிட்ட ராபர்ட் ரீட் இதில் இளைஞனாக வருகிறார் என்பதுதான் இன்றைக்கு மிச்சம்.

'டர்க்கி ஷூட்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இந்த வகையின் உச்சம் அல்லது அடிமட்டம், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1982-ல் ஆஸ்திரேலியாவில் பிரையன் ட்ரென்சார்ட்-ஸ்மித் எடுத்தது. வருங்காலத்தில் ஒரு சர்வாதிகார அரசு, அதன் சீர்திருத்த முகாமில் அடைக்கப்பட்டவர்களில் சிலரைப் பெரிய இடத்து விருந்தாளிகள் வேட்டையாடுகிறார்கள்.

இந்தப் படம் பிறந்ததற்கே காரணம் ஒரு வரிச் சலுகை. ஆஸ்திரேலிய அரசு 1981-ல் 10பிஏ என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தது. சினிமாவில் 100 டாலர் போட்டால் 150 டாலரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், படம் சம்பாதித்தால் அதில் பாதி வரைக்கும் வரி கிடையாது. பல் டாக்டர்களும் வக்கீல்களும் கதை என்னவென்று கேட்காமலே பணத்தைக் கொட்டினார்கள். படம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்கிற நிலைமை வந்தால் என்னென்ன படங்கள் வரும் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். கலைப்படங்களும் வந்தன, இதுவும் வந்தது.

ஷூட்டிங் குவீன்ஸ்லாந்தில் கெய்ர்ன்ஸ் பக்கம். தொடங்குவதற்குச் சற்று முன்னால் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது, படப்பிடிப்பு நாட்களும் குறைந்தன. வெளியுலகில் அந்த அரசு எப்படி நடக்கிறது என்று காட்டுகிற ஆரம்பப் பகுதியையே வெட்டிவிட்டுக் கதையை நேராக முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாயகன் ஸ்டீவ் ரெயில்ஸ்பேக், சில வருடங்களுக்கு முன் டிவியில் கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சனாக நடித்து எல்லோரையும் நடுங்கவைத்தவர். நாயகி ஒலிவியா ஹஸ்ஸி, 1968-ன் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படத்தில் ஜூலியட்டாக வந்தவர். இவர்களை இழுத்துவந்து கரும்புக்காட்டிலும் சதுப்பிலும் ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு வேட்டைக்காரன் தன் செல்லப்பிராணி மாதிரி ஓநாய் மனிதன் ஒருத்தனைக் கூடவே வைத்திருப்பான், அவன் எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்கக்கூடாது.

முகாம் அதிகாரியின் பெயர் தாட்சர். பிரிட்டனில் அப்போது பிரதமர் யார் என்று தெரியும்தானே, அங்கே விநியோகித்தவர்கள் படத்துக்கே 'பிளட் கேம்ப் தாட்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 'எஸ்கேப் 2000'. உள்ளூர் விமர்சகர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள், ஆனால் 2008-ல் 'நாட் கொயட் ஹாலிவுட்' ஆவணப்படம் வந்து பழைய ஆஸ்திரேலிய மசாலாப் படங்களைத் தூசி தட்டியபோது இதற்கும் மறுவாழ்வு கிடைத்தது. நல்ல படமா என்றால் இல்லை. ஆனால் அலுப்பே தட்டாது.

வீடியோ கேசட் காலத்தில் வந்ததில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால்?

'டெட்லி ப்ரே', 1987. டேவிட் பிரையர் இயக்கம், நாயகன் அவருடைய தம்பி டெட் பிரையர். தியேட்டருக்கு அல்ல, நேராக விஎச்எஸ் வாடகைக் கடைகளுக்காகவே எடுக்கப்பட்ட படம். ஒரு முன்னாள் கர்னல் தன் கூலிப்படைக்குப் பயிற்சி கொடுக்க ஆட்களைக் கடத்திவந்து வேட்டையாடவிடுகிறான். காலையில் குப்பையைக் கொட்ட வெளியே வந்த நாயகன் டான்டனையும் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் அதே கர்னல் பயிற்சி கொடுத்த வியட்நாம் வீரன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு படம் முழுக்க ஒரு அரைக்கால் ஜீன்ஸ், பின்னந்தலையில் நீண்ட முடி, உடம்பெல்லாம் எண்ணெய் பூசின மாதிரி மினுமினுப்பு. இலை தழைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டால் எதிரிக்குத் தெரியவே தெரியாது. ஒருத்தன் கையை வெட்டி அந்தக் கையாலேயே அவனை அடிக்கிற காட்சி இந்தப் படத்தில்தான் வருகிறது. ரசிகர்கள் கூட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பார்க்கிற படம் இது, தனியாகப் பார்க்காதீர்கள். 2013-ல் அதே அண்ணன் தம்பி இரண்டாம் பாகமும் எடுத்தார்கள், அண்ணனும் தம்பியும் வயதானதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

பெண்களை வேட்டையாடுகிற படங்கள் நிறைய இருக்கின்றனவே, அதெல்லாம் எப்படி?

இருக்கின்றன, பெரும்பாலும் அருவருப்பானவை. 1972-ல் எடி ரொமேரோ பிலிப்பைன்ஸில் எடுத்த 'தி உமன் ஹன்ட்' தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. மலிவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் நியூ வேர்ல்டு கம்பெனி அந்தக் காலத்தில் பெண்கள் சிறைப் படங்களையெல்லாம் பிலிப்பைன்ஸில்தான் எடுத்துக்கொண்டிருந்தது, காடும் ஆட்களும் அங்கே மலிவு என்பதால். விசித்திரம் என்னவென்றால், இதே ரொமேரோ பின்னால் தன் நாட்டு வரலாற்றைப் பற்றிச் சிறந்த படங்கள் எடுத்து 2003-ல் பிலிப்பைன்ஸின் தேசியக் கலைஞர் என்ற உச்ச மரியாதையைப் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று.

ஸ்பெயின்காரர் ஹெசூஸ் ஃபிராங்கோ 1974-ல் எடுத்த பிரெஞ்சுப் படம் ஒன்றில் வேட்டையாடுகிறவளே ஒரு பெண், அவள் பெயரும் ஸாரோஃப்தான், வேட்டையாடியதைச் சமைத்து விருந்தும் வைக்கிறாள். ஸ்பெயினின் கால்பே கடற்கரையில் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபில் கட்டிய கோட்டை மாதிரியான கட்டடத்தைப் பிரபுவின் மாளிகையாகக் காட்டியிருக்கிறார், படத்தில் பார்க்க உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். 1987-ல் 'ஸ்லேவ் கேர்ல்ஸ் ஃப்ரம் பியாண்ட் இன்ஃபினிட்டி' இதையே பிகினி போட்டு விண்வெளிக்குக் கொண்டுபோனது. கேபிள் டிவியில் ஆபாசம் என்று 1992-ல் அமெரிக்க செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் இந்தப் படத்தைச் சொல்லிக் குறைபட, அதைவிடப் பெரிய விளம்பரம் அதற்கு எப்போதும் கிடைத்திருக்காது.

இந்தப் படங்களில் என் புகார் ஆடையைப் பற்றியது இல்லை. வேட்டைக்காரனைக் கெட்டவன் என்று வாயால் சொல்லிக்கொண்டே கேமராவை மட்டும் அவன் கண்ணில் பொருத்திவிடுகிறார்கள், நாமும் அவன் பார்க்கிறபடியே பார்க்கவேண்டியிருக்கிறது. 2017-ல் கொராலி ஃபார்ஷா எடுத்த 'ரிவெஞ்ச்' இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஆரம்பத்தில் கேமரா அந்தப் பெண்ணை வழக்கம்போல மேய்கிறது. பாலைவனத்தில் மூன்று ஆண்கள் அவளைச் செத்துப்போனாள் என்று விட்டுவிட்டுப் போன பிறகு, அதே கேமரா ஆண்களின் உடம்புகளைக் கிழிய விட்டு மேய ஆரம்பிக்கிறது.

'தி நேக்கட் ப்ரே' உண்மைக் கதையா?

பாதி. 1809 வாக்கில் ஜான் கோல்ட்டர் என்ற அமெரிக்கர், இன்றைய மொன்டானா பகுதியில், பிளாக்ஃபீட் பழங்குடியினரிடம் மாட்டிக்கொண்டார். கூட இருந்தவர் கொல்லப்பட்டார். இவரைத் துணியில்லாமல் ஓடவிட்டுத் துரத்தினார்கள். முன்னால் வந்தவனைக் கொன்றுவிட்டு, ஆற்றில் குதித்து மிதவைக் கட்டைகளுக்கு அடியில் ஒளிந்து, பல நாள் வெறுங்காலோடு நடந்து கோட்டையை அடைந்தார். கார்னல் வைல்டு இந்தச் சம்பவத்தை எடுத்து 1965-ல் படமாக்கியபோது கதையைத் தென் ஆப்பிரிக்கக் காட்டுக்கு மாற்றினார், தானே இயக்கித் தானே ஓடினார், அப்போது வயது 50-ஐத் தாண்டியிருந்தது. வசனம் ரொம்பக் குறைவு, திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கறுப்பர்கள் கூட்டமாக ஒரு வெள்ளையனைத் துரத்துகிற படம் என்ற உறுத்தல் இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு இருக்கும், நியாயமான உறுத்தல்தான். ஆனால் துரத்துகிறவர்களுக்கும் களைப்பும் கோபமும் கூட வந்தவன் செத்தால் அழுகையும் உண்டு என்று காட்டியிருப்பது, அந்தக் காலப் படங்களில் அரிது. துரத்துகிறவர்களின் தலைவனாக வரும் கென் கம்புவைக் கவனியுங்கள்.

நிஜத்தில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அது சினிமா மாதிரி இல்லை. அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரில் பேக்கரி வைத்திருந்த ராபர்ட் ஹேன்சன் 1970-களிலும் 80-களின் ஆரம்பத்திலும் பெண்களைக் கடத்தி, சிலரைத் தன் சின்ன விமானத்தில் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்றான். 17 கொலைகளை ஒப்புக்கொண்டான். ஒரு பெண் விலங்கோடு தப்பி ஓடிவந்து சொன்னபோதும் போலீஸ் உடனே நம்பவில்லை, ஊரில் மரியாதையான பேக்கரிக்காரர், அவளோ பாலியல் தொழில் செய்தவள். அவன் 2014-ல் தண்டனைக் கைதியாகவே செத்தான். இன்னொன்று, 1969-ல் கலிஃபோர்னியாவில் ஸோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட தொடர் கொலைகாரன் பத்திரிகைகளுக்கு அனுப்பிய சங்கேதக் கடிதத்தை ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் உடைத்தபோது, மனிதன்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான விலங்கு, அதனால் கொல்வது சுவாரசியம் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது. கானல் கதையின் வாசனை அதில் வீசுகிறது என்று அப்போதிருந்தே பேசுகிறார்கள்.

வான் டாம் படம் இதில் சேருமா?

'ஹார்ட் டார்கெட்' (1993) லோ பட்ஜெட் இல்லை, ஆனால் ரத்தத்தில் இந்த வம்சம்தான். ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ ஹாலிவுட்டுக்கு வந்து எடுத்த முதல் படம். நியூ ஆர்லியன்ஸில் வீடில்லாமல் தெருவில் கிடக்கும் முன்னாள் ராணுவத்தினரைப் பிடித்து, இடுப்பில் 10,000 டாலர் உள்ள பெல்ட்டைக் கட்டிவிட்டு, ஆறு வரைக்கும் உயிரோடு போனால் பணம் உனக்கு என்கிறார்கள். முதலில் சாகிறவராக நடித்திருப்பவர் படத்தின் திரைக்கதை ஆசிரியர் சக் ஃபேரர், நிஜத்திலும் கடற்படை கமாண்டோவாக இருந்தவர். வான் டாம் ஒரு பாம்பைக் குத்தி மயங்கவைத்து அதன் வால் கிலுகிலுப்பையைக் கடித்துத் துப்புகிற காட்சியும் உண்டு, காதில் பூ என்றால் ஒரு முழம் இல்லை, கூடையே. அடுத்த வருடமே ஐஸ்-டி நடித்த 'சர்வைவிங் த கேம்' கிட்டத்தட்ட இதே கதையோடு வந்தது: வீடில்லாதவன், காடு, ஆளுக்கு 50,000 டாலர் கட்டி வந்த கனவான்கள். அதில் மகனுக்கு ஆண்மை கற்றுத்தர என்று அவனையும் வேட்டைக்கு இழுத்துவரும் அப்பா ஒருவர் வருவார். அந்த ஒரு கிளைக்கதைக்காகவே பார்க்கலாம்.

'பேட்டில் ராயல்', 'ஹங்கர் கேம்ஸ்'?

ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே இரைகளே ஒருத்தரையொருத்தர் கொல்கிறார்கள், ஏற்பாடு செய்கிறவன் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்.

அமெரிக்காவில் ஒரு படத்தை வெளியிடாமலே நிறுத்திவைத்தார்களாமே?

'தி ஹன்ட்'. வசதியான லிபரல்கள் வலதுசாரிகளைக் கடத்தி வேட்டையாடுகிற நையாண்டி. 2019 செப்டம்பரில் வரவேண்டியது. ஆகஸ்டில் எல் பாசோவிலும் டேட்டனிலும் துப்பாக்கிச்சூடு நடந்து, டிரம்ப் வேறு மறைமுகமாகத் திட்டி, யூனிவர்சல் படத்தை நிறுத்திவைத்தது. பிறகு 2020 மார்ச் 13 அன்று வெளியிட்டார்கள், அடுத்த சில நாளில் கொரோனாவால் தியேட்டர்களே மூடப்பட்டன. ராசி அப்படி. இரண்டு பக்கத்தையும் கிண்டலடிக்கிறேன் என்று போய் எந்தப் பக்கமும் வலிக்காமல் தட்டுகிற படம், பெட்டி கில்ப்பின் நடிப்புதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

1932 படத்தில் தொடங்குங்கள், அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை இல்லை என்பதால் இணையத்தில் சட்டப்படியே கிடைக்கிறது. அடுத்து பீட்டர் வாட்கின்ஸின் 'பனிஷ்மென்ட் பார்க்' (1971). வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களிடம் சிறையா, பாலைவனத்தில் மூன்று நாளில் 53 மைல் ஓடி அமெரிக்கக் கொடியைத் தொடுவதா என்று கேட்கிறார்கள், பின்னால் போலீஸ் வருகிறது. தொழில்முறை நடிகர்கள் இல்லை, செய்திப்படம் மாதிரியே எடுத்திருப்பார், தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டவர்களைப் பார்க்கும்போது நமக்கே தாகமெடுக்கும்.

அப்புறம் 'பாகுராவ்' (2019), பிரேசில். வடகிழக்கில் ஒரு வறண்ட கிராமம், ஒரு நாள் இணைய வரைபடத்திலிருந்தே காணாமல் போகிறது, செல்போன் சிக்னல் போகிறது, தண்ணீர் லாரியில் குண்டு துளைத்த ஓட்டைகளோடு வந்து நிற்கிறது. வெளிநாட்டு ஆட்கள் சிலர் வேட்டைக்கு வந்திருக்கிறார்கள், தலைவனாக நடிகர் ஊடோ கியர். கான் விழாவில் ஜூரி பரிசைப் பகிர்ந்துகொண்ட படம், ஆனால் அதன் எலும்பு முழுக்க மட்டமான வேட்டைப் படங்களுடையது, எடுத்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் வருகிற போகிறவர்களிடமெல்லாம் "மியூசியம் பார்த்தீர்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், யாரும் போகமாட்டார்கள். பழைய கொள்ளைக்காரர் காலத்துத் துப்பாக்கிகள் அங்கேதான் சுவரில் மாட்டியிருக்கின்றன. வேட்டைக்காரன் ஒருத்தன் கடைசியில் உள்ளே நுழையும்போது சுவரில் ஆணிகள்தான் இருக்கும்.